முதல் அரைமணி

"பக்கத்துப் பிஞ்சை வேலியில கரண்டு விட்டிருக்கானா தாத்தா?"

வரப்பில் ஓடிக்கொண்டே பேத்தி கேட்டாள். நாய் எங்கே கிடக்கிறது, அடி எங்கே என்று கேட்கவில்லை. "இல்ல தாயி, அவன் சேலைதான் சுத்தியிருக்கான்" என்று முன்னால் போனவர் திரும்பாமலே சொன்னார். பழைய சேலை கட்டிய வேலிதான் என்று தெரிந்த பிறகே அவள் அந்தப் பக்கம் கால் வைத்தாள். காட்டுப்பன்றிக்கென்று திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் நாய் விழுந்து கிடக்கும். தூக்கப் போன ஆளும் அதே கம்பியில் விழுவார். கரிசல் காட்டில் இது கேள்விப்படாத சங்கதி அல்ல. காயம்பட்ட நாயைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கோவில்பட்டிக்கு மேற்கே, மார்கழி மாதம், கிழக்கு வெளுக்காத நேரம். மக்காச்சோளம் பால் பிடித்து நின்றது. அந்தப் பருவத்தில்தான் பன்றிகள் கூட்டமாக இறங்கும். தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பது அதிகம். தாத்தா பரணில் இருந்து தகரத்தைத் தட்டுவார், வெடி போடுவார். கீழே மல்லியைக் கட்டியிருப்பார். யாரும் அவளை ஏவிவிடவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு அவளாகத்தான் போனாள்.

மல்லி கன்னி நாய். மை போன்ற கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு, ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி. இந்தப் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாளடைவில் முயல் வேட்டையும் குற்றமாயிற்று. அது சரியான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாத்தா வேட்டையை விட்டு வெகுகாலம் ஆகிறது. நாயை மட்டும் விடவில்லை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது. கன்னிக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் அவருக்கு உண்டு. ஆனால் சட்டம் மாறியதும் வேலை மாறியதும் நாயின் உடம்புக்குத் தெரியாது. ஓடுவதற்காகப் படைத்த உடம்பு, எதிரே நிற்பது முயலா, இரண்டு ஆள் எடையுள்ள கிடாப்பன்றியா என்று பார்ப்பதில்லை.

சாய்ந்த தட்டைகளுக்கு நடுவே கிடந்தாள். டார்ச்சைப் பிடிக்கும் வேலை எனக்கு. பின்னந்தொடையில் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. வெளிச்சத்தில் சதை மின்னியது. தாத்தா "ஏ மல்லி" என்று குனிந்து கையை நீட்டினார். பேத்தி அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை உருவி நீளவாக்கில் கிழித்தாள்.

"எம்பிள்ள என்னையக் கடிக்குமா?"

"நேத்து வரைக்கும் கடிக்காது. இப்ப அதுக்கு ஆள் யாருன்னே தெரியாது தாத்தா."

துணியில் ஒரு சுருக்குப் போட்டு மூஞ்சியில் மாட்டினாள். தாடைக்குக் கீழே ஒரு குறுக்கு, பிறகு காதுகளுக்குப் பின்னால் இழுத்து ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. வாந்தி வந்தாலோ மூச்சுக்குத் திணறினாலோ உடனே அவிழ்க்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவள். லீவுக்கு ஊர் வந்தவள். அவள் பையில் ஜிப் போட்ட ஒரு சின்ன உறை எப்போதும் இருக்கிறது.

காஸ் துணியை மடித்துத் தொடையில் வைத்து, தாத்தாவின் உள்ளங்கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். "அஞ்சு நிமிசம் எடுக்கக் கூடாது." அவர் ஒரு நிமிடம் பொறுத்தார். ரத்தம் நின்றதா என்று பார்க்க விரலைத் தூக்கினார். அவள் ஒன்றும் பேசாமல் அந்த விரலை மறுபடி வைத்து அழுத்தினாள். உறையத் தொடங்கும் ரத்தத்தை ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் நாம்தான் பிய்த்துவிடுகிறோம். துணி ஊறிவிட்டால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்று வைக்க வேண்டும். அவள் அப்படியே செய்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். ஒரு கையில் மஞ்சள் பொட்டலமும் சுண்ணாம்பும். இன்னொரு கையில் மண்ணெண்ணெய் பாட்டில். நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார். தாத்தாவின் கையும் பழக்கத்தில் அந்தப் பக்கம் நீண்டது. எத்தனை நாய்க்கு அப்படி அப்பியிருப்பார்!

"வேணாம் மாமா. டாக்டர் தைக்கணும்னா சதை சுத்தமா தெரியணும். சுண்ணாம்பு வெச்சா அது வெந்துபோகும்" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பாராசிட்டமால் அட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். மனிதருக்கான வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அங்கே நின்று இதையெல்லாம் விளக்க அவளுக்கு நேரமில்லை.

தொடை ரத்தம் மட்டுப்பட்டது. எல்லோருக்கும் உயிர் வந்தது போல இருந்தது. அப்போதுதான் தாத்தா, அழுத்திய கையை எடுக்காமலே, தலையை மட்டும் சாய்த்து மல்லியின் விலாவைப் பார்த்தார்.

"தாயி, மூச்சு சரியில்ல. வயித்தால இழுக்கா."

நான் அதே இடத்துக்குத்தான் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓடிவிட்டு வந்து நிற்கும் நாயின் மூச்சிரைப்பையும், காற்றுக்குத் தவிக்கும் நாயின் இழுப்பையும் பிரித்துப் பார்க்க அவருடைய அறுபது வருட நாய்ப் பழக்கம் வேண்டியிருந்தது. அவள் உடனே மூஞ்சிக் கட்டை அவிழ்த்துவிட்டு முன்பக்கம் நகர்ந்தாள். இரண்டு கை விரல்களையும் மயிருக்கு எதிர்ப்போக்கில் விட்டு, கழுத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே வந்தாள். இடது முன்னங்காலின் கக்கத்துக்குப் பின்னால் விரல் நின்றது. சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ரத்தம்கூட அதிகம் இல்லை. காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். மல்லி மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அதிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சன்னமான சத்தம்.

பன்றியின் கோரைப்பல் கீழிருந்து மேலாகக் கிழிப்பது. வெளியே தெரியும் துளை சிறிதாக இருக்கும். உள்ளே தோலுக்கும் சதைக்கும் நடுவே அது உழுதுவிட்டுப் போன பை பெரிதாக இருக்கும். மயிரும் மண்ணும் அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பே இல்லாத, தோல் மெலிந்த கன்னி போன்ற நாயில் பல் நேரே விலாவுக்கு இடையில் புகுந்துவிடுகிறது. நாங்கள் எல்லோரும் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உயிரை எடுக்கக்கூடியது இந்த ஓட்டை.

காஸ் வந்த பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்து, அதன் உட்பக்கம் ஓட்டையின்மேல் படும்படி வைத்தாள். கைபடாத பக்கம் அது. சுற்றிலும் வாசலின் தடவி மயிரைப் படிய வைத்திருந்ததால் ஒட்டிக்கொண்டது. 'ஸ்ஸ்' நின்றது. அதன்மேல் துணி வைத்து, தாத்தாவின் பழைய வேட்டியில் கிழித்த பட்டையை நெஞ்சைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு விரல் உள்ளே நுழைகிறதா என்று விட்டுப் பார்த்தாள். இறுக்கினால் மூச்சே விட முடியாது. "போற வழியில மூச்சு ரொம்ப மோசமாச்சுன்னா இந்த ஓரத்த மட்டும் தூக்கி விடுங்க. உள்ள அடைச்ச காத்து வெளிய போகட்டும்" என்று தாத்தாவின் விரலைப் பிடித்து அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு உதட்டைத் தூக்கினாள். கன்னியின் ஈறு பாதி கறுப்பு. கறுப்பில்லாத ஓர் இடத்தைத் தேடிப் பெருவிரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்தினால் வெளுக்கும், எடுத்ததும் இரண்டு நொடிக்குள் ரோஜா நிறம் திரும்ப வேண்டும். அவள் வாய்க்குள் எண்ணுவது தெரிந்தது. மூன்றைத் தாண்டியது. உள்தொடையில் நாடியைத் தொட்டபோது அவள் முகம் இறுகியது. "குளிரக் கூடாது தாத்தா" என்றாள். அவர் தன் கம்பளியை எடுத்துப் போர்த்தினார்.

இதற்குள் ஆச்சி ஒரு செம்பில் வெதுவெதுப்பான பாலோடு வந்துவிட்டாள். ஒரு மடக்காவது ஊற்றலாமே என்று அவளுக்கு. துவண்டு கிடக்கும் நாயின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தாலும் வயிறு காலியாக இருப்பது நல்லது. பேத்தி செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சி, நீங்க தல மாட்டுல உக்காந்து பேசிக்கிட்டே இருங்க" என்றாள். ஆச்சி உட்கார்ந்து பேசினாள். மல்லியின் காது அசைந்தது.

முதலுதவி என்றால் எதையாவது எடுத்துப் பூசுவது, எதையாவது ஊட்டுவது என்றே நம் கைகள் பழகியிருக்கின்றன. அந்தப் பெண் அன்றைக்குச் செய்ததில் பாதி, நீட்டிய கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியதுதான். ஒரு கையையும் அவமதிக்காமல், ஒவ்வொன்றுக்கும் வேறொரு வேலை கொடுத்து அனுப்பினாள். பக்கத்துக் காட்டுக்காரர் குட்டியானை வண்டியை எடுத்துவர ஓடியிருந்தார்.

நாயைத் தூக்கவில்லை. நார்க்கட்டிலைப் பக்கத்தில் சாய்த்து, கம்பளியோடு சேர்த்து நகர்த்தி ஏற்றி, கட்டிலோடு வண்டியில் வைத்தார்கள். மல்லி மல்லாக்கவும் இல்லாமல் ஒருக்களிக்கவும் இல்லாமல் நெஞ்சை ஊன்றிப் படுத்தாள். "அது தோதுக்கு விட்டுருங்க. மூச்சு எப்படி வருதுன்னு அதுக்குத்தான் தெரியும்" என்றாள் பேத்தி. வண்டி நகர்ந்ததும் டாக்டருக்குப் போன் போட்டாள். அவள் பேசியதில் ஒரு சொல் வீண் இல்லை: கன்னி, பொட்டை, நாலு வயசு, பதினெட்டு கிலோ இருக்கும், பன்றி குத்து, இடது நெஞ்சில் காற்று போகிறது, மூடியிருக்கிறேன், தொடையில் ரத்தம் நின்றிருக்கிறது, ஈறு வெளுப்பு, குத்துப்பட்டு அரைமணி, கடைசியாகச் சாப்பிட்டது நேற்று ராத்திரி ஏழு மணிக்குக் கேப்பைக்கூழ், வெறிநாய்த் தடுப்பூசி ஆடியில் போட்டது. 'கன்னி' என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. கொழுப்பில்லாத இந்த ஓட்ட நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் கொடுத்தால் சீக்கிரம் தெளியாது. டாக்டர் மருந்தை முன்கூட்டியே மாற்றி எடுத்துவைக்கலாம்.

மல்லியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன பிறகு வெளியே பெஞ்சில் தாத்தாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அவளே முதலில் அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், வெடிப்பு விழுந்த அந்தக் கைகளைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவவைத்தாள். கழுவிக்கொண்டே அவர் பழைய நாய்களைப் பற்றிப் பேசினார். ஒரு சித்திரை வெயிலில் ஓடிக் களைத்துச் சுருண்டு விழுந்த நாயின்மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார், நாய் பிழைக்கவில்லை. தண்ணீர் ஊற்றியது சரி, மூடியதுதான் தப்பு என்றாள் பேத்தி. நாயின் சூடு சாதாரணமாக 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் நனைய ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். 103-க்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஊற்றினால் குளிர்ந்துபோகும். ஈரச்சாக்கு போர்வை மாதிரி சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

கண்ணாடிவிரியன் தீண்டிய இன்னொரு நாய்க்குக் காலைக் கட்டி, கீறி விட்டதையும் சொன்னார். அவள் கீறவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம், ஓர் அடிகூட நடக்கவிடாமல் தூக்கிவந்தால் போதும் என்றாள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அதற்கு வேண்டிய விஷத்தை 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்தான் பாம்பு பிடித்து எடுத்துத் தருகிறார்கள் என்றதும் தாத்தா கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "அப்படியா!" என்றார். அவளிடம் அவர் அந்தக் காலையில் கேட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். நெஞ்சில் அடைத்த காற்றை எடுத்தாயிற்று. தொடைக்குள் இரண்டு கைப்பிடி மண்ணும் தட்டைத் தூளும் கழுவி எடுத்தாயிற்று. வடிய ஒரு குழாய் வைத்திருக்கிறது. மூன்று நாள் தாண்ட வேண்டும். நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வாளிய வெட்டிக் கழுத்துல மாட்டிருவோம் தாத்தா."

"நிக்காது தாயி. இதுக்குத் தலையும் கழுத்தும் ஒரே தடிப்பு. உருவிக்கிட்டுப் போயிரும்."

"நெஞ்சோட சேத்துக் கட்டுனா?"

"நெஞ்சுலதான தையல் போட்டுருக்கு?"

டாக்டர், பெரிய பிள்ளைகள் போடும் பருத்திப் பனியன் ஒன்று வாங்கி முன்னங்கால்களைக் கைக்குள் விட்டு மாட்டுங்கள், தையலை அது மூடிக்கொள்ளும் என்றார். தொடைக்கு? அதற்கு ஒரு கால்சராய் போலத் தைத்துவிடலாம், வாலுக்கு ஓட்டை விட்டு, என்றாள் பேத்தி. தாத்தா இடுப்பிலிருந்து அரைஞாண் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே போய் மல்லியின் நெஞ்சையும் இடுப்பையும் அளந்து இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு, பஜாரில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று கம்பவுண்டரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.