திரும்பி வரக்கூடிய தூரம்

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களின் விளம்பரக் கையேடுகள் எல்லாமே மேலே ஏறுவதைப் பற்றித்தான் பேசுகின்றன. ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பனிச்சறுக்குப் பாதைகள் எத்தனை கிலோமீட்டர், எந்த விடுதியிலிருந்து எந்தச் சிகரம் தெரியும் என்றெல்லாம் விரிவாக எழுதியிருப்பார்கள். நடக்க மட்டும் வருபவர்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம் இருக்கும். குழந்தையோடு வருபவர்களுக்குச் சிரிக்கும் குழந்தையின் படம் ஒன்று. எட்டு மாதக் கைக்குழந்தையோடு பனிக்காலத்தில் ஒரு வாரம் நடந்துவர ஊர் தேடிய எனக்குத் தேவைப்பட்ட தகவல் எந்தக் கையேட்டிலும் இல்லை. எவ்வளவு விரைவாகத் திரும்பி வர முடியும் என்பதுதான் அது.

நாங்கள் சூரிச்சில் வசிக்கிறோம். நவம்பர் தொடங்கிவிட்டால் இந்நகரத்தின் மேல் தாழ்ந்த மேகம் சாம்பல் நிறக் கூரைபோலப் படிந்துவிடும். பல நாட்கள் தொடர்ந்து சூரியனைக் காணாமல் இருப்பது இங்கே சாதாரணம். அந்தக் கூரைக்கு மேலே, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், நீல வானமும் வெயிலும் இருக்கின்றன என்பது தெரிந்த பிறகு வீட்டுக்குள் இருப்பது இன்னும் கடினமாகிறது. மகள் பிறப்பதற்கு முன்பு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது மலையில் நடப்பவளாக இருந்தேன். பிறந்த பின் என் உலகம் சமையலறைக்கும் தொட்டிலுக்கும் இடைப்பட்டதாகச் சுருங்கியது. "இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளலாமே" என்றார் கணவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குழந்தைக்குக் காற்றோட்டம் நல்லது என்று நான் வாதாடியிருக்கலாம். ஆனால் இந்தப் பயணம் குழந்தைக்காக அல்ல, எனக்காக. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அதன்பிறகு எங்கள் பேச்சு போகலாமா என்பதிலிருந்து எங்கே போகலாம் என்பதற்கு மாறியது.

கும்பகோணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், "பச்சக் கொழந்தையப் பனியில எடுத்துட்டுப் போறியாடி?" என்று கேட்டாள். தமிழில் பனி என்ற ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது என்பதை அப்போதுதான் யோசித்தேன். மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்பதும் பனி, வயலின் மேல் புகைபோல் கிடப்பதும் பனி, இங்கே இடுப்பளவு விழுந்து கிடப்பதும் பனி. அம்மாவின் பனி, காதில் பஞ்சு வைத்து, தலையில் முக்காடிட்டுத் தடுக்கவேண்டிய ஒன்று. உடம்புக்குள் இறங்கி நோயாக மாறுவது. ஐரோப்பியர்களோ அதே குளிர்காற்றை மருந்தென்று நம்பி மலை ஏறினார்கள். 1912இல் தாமஸ் மன்னின் மனைவி டாவோஸ் நகரின் காசநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தபோது அவரைப் பார்க்கப் போன அனுபவத்திலிருந்துதான் 1924இல் வெளிவந்த 'மாய மலை' நாவல் முளைத்தது. மூன்று வாரம் தங்க வந்தவன் ஏழு ஆண்டுகள் தங்கிவிடுகிறான். அம்மாவின் அச்சத்தையோ இவர்களின் நம்பிக்கையையோ முழுதாக ஏற்க எனக்கு இயலவில்லை. குழந்தை மருத்துவர் சொன்னது எளிமையானது: சளி, காது வலி இல்லாதிருக்க வேண்டும், மிக உயரத்தில் தூங்க வைக்க வேண்டாம், கம்பிவட ஊர்தியில் ஏறி இறங்கும்போது பால் கொடுங்கள், விழுங்கினால் காதடைப்பு விலகும்.

பிறகு ஊர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் பார்த்தோம். கணவரின் விருப்பம் செர்மாட். கார்கள் அனுமதிக்கப்படாத ஊர், சுமார் 1,600 மீட்டர், தலைக்கு மேலே மாட்டர்ஹார்ன் சிகரம். ஆனால் அங்கே போகிறவர்களை ஈர்ப்பது 3,089 மீட்டரில் இருக்கும் கோர்னர்கிராட்டுக்கு ஏறும் பல்சக்கர ரயில். குழந்தையோடு அதில் ஏறப்போவதில்லை என்றால் அவ்வளவு தூரம் போவானேன்? அரோசாவுக்குக் கூர் நகரில் ஒரு முறை ரயில் மாறினால் போதும். ஆனால் அது 1,775 மீட்டர் உயரத்தில் சரிவில் அமைந்த ஊர். தள்ளுவண்டியை எல்லாத் தெருவிலும் மேலே தள்ள வேண்டும், அல்லது கீழே போகாமல் பிடிக்க வேண்டும். வெங்கன் என்னை மிகவும் மயக்கியது. 1893 முதல் ஓடும் மலை ரயில், மேட்டு நிலத்து வெயில், சாலைத் தொடர்பே இல்லாததால் வந்த அமைதி. ஆனால் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் அந்த அமைதியே நம்மை அச்சுறுத்தும். மருத்துவமனை கீழே, இன்டர்லாக்கனில் இருக்கிறது.

அப்படியானால் பள்ளத்தாக்கின் அடித்தளத்திலேயே தங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே வெயில் ஒரு சிக்கல். இத்தாலிய ஆல்ப்ஸில் விகனெல்லா என்ற கிராமத்துக்கு ஆண்டுதோறும் நவம்பர் 11 முதல் பிப்ரவரி 2 வரை நேரடி வெயிலே விழாது. 2006 டிசம்பரில் எதிர்ச் சரிவில் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி, வெயிலை ஊர்ச் சதுக்கத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஆழமான பள்ளத்தாக்குகளில் ஜனவரி மாதத்து வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். இன்னொன்று பனிச்சரிவு. 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் பனிச்சரிவு 31 பேரைக் கொன்றது. அந்த ஊருக்கான சாலை அதற்கு முன்பே நாட்கணக்கில் மூடப்பட்டிருந்தது. இவற்றைப் படித்த பிறகு ஒரு ஊரின் அழகைப் பார்க்கும் முன் அதன் வாசலைப் பார்க்கப் பழகினேன்.

கடைசியில் காண்டர்ஸ்டேக் என்று முடிவாயிற்று. சுமார் 1,175 மீட்டர் உயரம். சாலையும் ரயிலும் உண்டு. பேர்னில் ஒரே ஒரு முறை மாறினால் போதும். 1913இல் திறக்கப்பட்ட லோட்ஷ்பெர்க் சுரங்கத்தின் வடக்கு வாசல் அது. 2007இல் அடிவாரச் சுரங்கம் திறக்கப்பட்டு விரைவு ரயில்கள் கீழே இறங்கிவிட, ஊர் வழியாக இப்போது சிறு ரயில்களே போகின்றன. பனிச்சறுக்குக்காரர்களுக்கு அது உயரம் போதாத ஊர். எங்களுக்கோ பள்ளத்தாக்கின் சமதளம்தான் வேண்டியிருந்தது. வெயில் குறையைச் சரிக்கட்ட ஜனவரியை விட்டு, மார்ச் முதல் வாரத்தில் போனோம்.

சுவிட்சர்லாந்தில் கோடைகால நடைபாதைகளுக்கு மஞ்சள் பலகை, குளிர்காலப் பாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை. இளஞ்சிவப்பை விட்டு விலகுவதில்லை என்பது எங்கள் முதல் விதி. மாலையில் டாவோஸ் ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்த பிறகே மறுநாள் பாதையைத் தீர்மானிப்பது இரண்டாவது. மூன்றாவது விதியை நான் சேர்த்தேன்: குழந்தையைச் சுமப்பவர் தன் உடம்பை வைத்துக் குளிரை மதிப்பிடக் கூடாது. நடப்பவருக்கு வியர்க்கும், அவர் மார்பில் அசையாமல் கிடக்கும் குழந்தைக்குக் கால் விறைக்கும். கால்மணிக்கு ஒருமுறை பிடரியில் விரல் வைத்துப் பார்ப்போம். கண்ணைக் கூசும் வெயிலும் குளிரைப்போலவே ஆபத்தானது. புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். ஆகவே குழந்தைக்கு அகன்ற விளிம்புத் தொப்பி, நிழல்.

நாலாம் நாள், ஊருக்கு மேலே ஓஷினென் ஏரிக்குக் கம்பிவட ஊர்தியில் ஏறினோம். ஏறும்போது அவள் பால் குடித்தாள். மேல் நிலையத்திலிருந்து ஏரிக்கு அரைமணி நேர இறக்கம். பாதி வழியில் காற்று திரும்பியது. பிடரி தொட்டேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளங்கால் குளிர்ந்திருந்தது. கணவர் ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கு மேல் பத்து நிமிடம்தான் இருந்தது. "நீ போய்ட்டு வா, நான் இவளோட மேல போறேன்" என்றார்.

அவர்கள் ஊர்தி நிலையத்தின் கதகதப்புக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தனியாக இறங்கினேன். ஏரி உறைந்து, வெள்ளை வயல்போலக் கிடந்தது. கரையில் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். எட்டு மாதங்களில் முதன்முறையாக என் கைகளில் எதுவும் இல்லை. ஏறும்போது மூச்சு வாங்கியது. அது நன்றாக இருந்தது.