மாப்பிள்ளைக்கு மூக்காக இருந்த ஒரு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிப்பவன் அல்ல. என் அப்பா குடித்தது ஏழு தலைமுறைக்குப் போதும் என்று அம்மா சொல்வார். பதினாறு வயதில் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். இன்றுவரை மீறியதில்லை. அப்படிப்பட்டவன் பீர் காய்ச்சுவதைப் பற்றி எழுதுகிறேனே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

என் மகள் குடும்பம் இருப்பது ஸ்த்ராஸ்பூர் பக்கம். மாப்பிள்ளையும் நம் புதுச்சேரிக்காரர்தான். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொல்தா குடும்பம். நல்ல பிள்ளை. ஆனால் வீட்டு நிலவறையில் (அங்கே அதை 'கேவ்' என்பார்கள்) அண்டா, குழாய், பிளாஸ்டிக் டிரம் எல்லாம் வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் பீர் காய்ச்சுவார். அங்கே சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சினால் தப்பில்லை. தப்போ இல்லையோ, எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமான நாள் முதலாக அவரும் நானும் பேசியதெல்லாம் விசா, விமான டிக்கெட், குளிர், இந்த மூன்றுதான். கேவ் படியில் நான் இறங்கியதே கிடையாது.

2022 ஆகஸ்ட் கடைசியில் போயிருந்தபோது மகள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அப்பா, அவருக்கு ஜனவரியில கொரோனா வந்துச்சுல்ல, அதுலேர்ந்து வாசனையே தெரியல. கொஞ்சம் திரும்பி வந்துச்சு, ஆனா தப்புத்தப்பா வருது. காப்பி கருகின ரப்பர் மாதிரி இருக்காம். யார்கிட்டயும் சொல்லல." ஜூன் மாதம் ஆபீஸ் நண்பர்களை அழைத்துத் தான் காய்ச்சிய பீரைக் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை மேசையில் வைத்துவிட்டார்களாம். ஒருவர் மட்டும் விளையாட்டாக, "இதில் மன்ஸ்தேர் போட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். மன்ஸ்தேர் என்பது அந்தப் பக்கத்துச் சீஸ். டப்பாவைத் திறந்தால் தெருக்கோடிக்குத் தெரியும். அன்றிலிருந்து மாப்பிள்ளை கேவுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை அவரே வந்து நின்றார். கையில் நாலைந்து வெள்ளிக் காகிதப் பொட்டலம். "மாமா, நீங்க குடிக்க வேணாம். மோந்து பாத்துச் சொன்னாப் போதும்." சத்தியம் செய்தது குடிக்க மாட்டேன் என்றுதான். முகர மாட்டேன் என்று செய்யவில்லையே. இறங்கினேன்.

பொட்டலத்தில் இருந்தது ஹாப்ஸ். பிரெஞ்சில் உப்ளோன். இந்த வார்த்தைக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1960 வாக்கில் எங்கள் வகுப்பில் திக்தே நடந்தது. அல்சாஸ் பற்றிய ஒரு பத்தியை வாத்தியார் படிக்க, நாங்கள் எழுதினோம். முதல் எழுத்து ஆஷ் வாயில் வராது என்பதால், 'லெ' என்பதைச் சுருக்கி அப்போஸ்த்ரோஃப் போட்டு 'லூப்ளோன்' என்று சேர்த்து எழுதினேன். அது தவறு. இந்தச் சொல்லில் ஆஷ் ஊமை என்றாலும் மரியாதை கேட்கிற ஊமை. 'லெ உப்ளோன்' என்று பிரித்தே எழுத வேண்டும். விரல் முட்டியில் அடிகோல் விழுந்தது. அது செடியா, பழமா, மாடா என்று எனக்கும் தெரியாது, அடித்தவருக்கும் தெரிந்திருக்காது. அறுபது வருஷம் கழித்து அது என் உள்ளங்கையில் கோழித் தீவனம் மாதிரிப் பச்சைக் கட்டியாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹாப்ஸ் ஒரு கொடி, கஞ்சாவுக்குப் பங்காளி. பெண் கொடியில் சின்னப் பைன் காய் மாதிரி மென்மையாகப் பூ வரும். அதைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள். பீருக்குக் கசப்பும் மணமும் அந்தத் தூளிலிருந்துதான். கசப்பு வேண்டுமானால் அதை நேரம் எடுத்துக் கொதிக்க விட வேண்டும். மணம் வேண்டுமானால் கொதிக்க விடவே கூடாது, எண்ணெய் ஆவியாகிவிடும். ரசத்தில் கொத்தமல்லியைக் கடைசியில் போடுகிறோமே, அந்தக் கணக்கு.

மாப்பிள்ளை காய்ச்சுவது ஹேஸி ஐ.பி.ஏ. என்ற வகை. பெயரில் இந்தியா இருக்கிறது. வெள்ளைக்காரன் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிய பீரின் பேரன் இது. ஆனால் இந்தக் கலங்கல் வகை பிறந்தது அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில். அங்கே 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற கடையில் 2004-இல் காய்ச்சத் தொடங்கிய ஹெடி டாப்பர் என்ற பீரைத்தான் இதற்கு முன்னோடி என்கிறார்கள். பார்லியோடு ஓட்ஸ், கோதுமை சேர்ப்பதால் ஆரஞ்சுச் சாறு மாதிரிக் கலங்கலாக இருக்கும். கசப்பு குறைவு, பழ வாசனை தூக்கல். அடுப்பை அணைத்து, சூடு எண்பது டிகிரிக்கு இறங்கிய பிறகு ஒரு பங்கு ஹாப்ஸ். நொதித்த பிறகு பச்சையாகவே இன்னொரு பங்கு. இருபது லிட்டருக்கு 250 கிராம் வரை போடுகிறார் மாப்பிள்ளை. சாதாரண பீருக்கு முப்பது, நாற்பது கிராமே தாராளம்.

ஜூன் மாதத்துச் சங்கதி இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. ஹாப்ஸ் பழசானால் அதிலுள்ள கசப்புப் பொருள் காற்றுப்பட்டு உடைந்து சீஸ் நாற்றம் அடிக்கும். நிறையக் கொதிக்க விட்டால் அந்த நாற்றம் பெரும்பாலும் போய்விடும். பெல்ஜியத்தில் லாம்பிக் என்ற பீருக்கு வேண்டுமென்றே வருஷக்கணக்கில் பழசாக்கிய ஹாப்ஸைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். இவரோ கொதிக்கவே விடுவதில்லை. அதுவும் ஏழெட்டு மடங்கு போடுகிறார். பொட்டலத்தில் உள்ள குறை அப்படியே கிளாஸுக்கு வந்துவிடும். அந்த ஜூன் பொட்டலம் மிச்சம் இருந்தது. ஒரு கடையில் விலை குறைத்துப் போட்டிருந்தார்களாம். திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் அறுவடை 2018. திறந்தேன். மன்ஸ்தேர்தான். உருண்டையும் பச்சை மங்கிக் காய்ந்த சாணி நிறத்துக்கு வந்திருந்தது.

"சிட்ரான்னு போட்டிருந்துச்சு மாமா, அதான் வாங்கினேன்" என்றார். சிட்ரா என்பது 2008-இல் வந்த அமெரிக்க ரகம். இந்தப் பீர்க்காரர்களிடையே அதற்குப் பொன்னி அரிசி மாதிரிப் பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் மூன்று வருஷம் அரிசிக் கிடங்குக் கணக்கு பார்த்தவன். மூட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் குத்தூசியை அடியில் செருகி எடுத்து, கையில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஒரு பழைய ஸ்டோர்கீப்பர் சொல்லிக் கொடுத்தார். பெயர் பொன்னியாக இருக்கும், வாசனை மக்கலாக இருக்கும்.

அந்த மாதம் முழுக்க எங்களுக்கு இதே வேலை. கடை கடையாகப் போய் அவர் வாங்கி வருவார், நான் முதலில் பொட்டலத்தைப் பார்ப்பேன். அறுவடை வருஷம் போடாத பொட்டலம் வேண்டவே வேண்டாம். வருஷத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் மார்ச்சை ஒட்டி. ஆகவே செப்டம்பரில் கடைக்குப் போனால் அமெரிக்கச் சரக்கு போன வருஷத்தது, நியூசிலாந்துச் சரக்கு அதே வருஷத்தது. அந்த மாதம் நான் முகர்ந்ததில் முதல் மார்க் வாங்கியது நெல்சன் சோவினுக்கு. பச்சைத் திராட்சையை நசுக்கின மாதிரி. புதுசு என்பது பாதிக் காரணம்.

அடுத்தது, கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது. குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். ஜன்னலோரம் அலமாரியில் அடுக்கியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். பொட்டலம் காற்று உறிஞ்சிச் செங்கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். சில கம்பெனிகள் நைட்ரஜன் நிரப்பித் தலையணை மாதிரி விடுகிறார்கள். அது வேறு, அதில் குற்றமில்லை. பெரிதாக அச்சடித்திருக்கும் ஆல்ஃபா சதவீதம் கசப்புக் கணக்குக்குத்தான், இந்தப் பீருக்கு அதை வைத்து ஒன்றும் தெரியாது. எச்.எஸ்.ஐ. என்று ஒரு எண் உண்டு, எவ்வளவு பழசாகிவிட்டது என்று சொல்வது. 0.3-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதைப் போடுகிற கடைக்காரன் யோக்கியன் என்று வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரை போடுகிறவர்கள் குறைவு.

பிறகுதான் மூக்கு. நாலு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி உடனே முகர வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும். முதலில் வருவது ஒன்று, பிறகு நிற்பது வேறொன்று. இரண்டு ரகத்துக்கு நடுவில் என் சட்டைக் கையை முகர்ந்துகொள்வேன். மாப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். நான் எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்வேன்: பழுத்த மாம்பழத் தோல், கொய்யா, நார்த்தை இலை, ஈரக் கோணி. அவர் அப்படியே தமிழில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டை அல்சாஸில் வேறு யாராலும் படிக்க முடியாது.

ஒரு நாள் இரண்டு கடைகளில் வாங்கிய சிட்ரா. இரண்டும் 2021 அறுவடை, இரண்டும் இறுக்கமான பொட்டலம், இரண்டும் நல்ல பச்சை. ஒன்று மாம்பழத் தோலும் எலுமிச்சையும். மற்றது பச்சை வெங்காயம். "எப்படி மாமா? ஒரே ரகம், ஒரே வருஷம்" என்றார். பக்கத்து கோஷெர்ஸ்பேர் பகுதியில் ஹாப்ஸ் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனார். ஏழு மீட்டர் உயரக் கம்பத்தில் கம்பி கட்டிக் கொடி ஏற்றியிருந்தார்கள். நம் வெற்றிலைக் கொடிக்காலை ராட்சதனுக்குப் போட்ட மாதிரி. அந்த வருஷத்து வறட்சியைப் பற்றிக் கால் மணி நேரம் புலம்பினார். பிறகு விளக்கினார். கொடியில் ஒரு வாரம் கூடுதலாக விட்டால் மணம் ஏறும். இன்னும் விட்டால் வெங்காயமும் பூண்டும் வரும். தோட்டத்துக்குத் தோட்டம் மண்ணும் உலர்த்தும் சூடும் வேறு. பெரிய ஆலைக்காரர்கள் அறுவடை நேரத்தில் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்குக்கே போய், கையில் தேய்த்து முகர்ந்து தங்களுக்கு வேண்டிய பொதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் காய்ச்சுகிறவனுக்கு அந்த வசதி ஏது? சின்னப் பொட்டலமாக ஒன்று வாங்கி முகர்ந்து பார்த்து, நன்றாக இருந்தால் அதே லாட் எண்ணில் இன்னும் நாலு வாங்கி ஃப்ரீஸரில் போடு என்றார். அதைவிட நல்ல யோசனை நான் எங்கும் கேட்கவில்லை.

அவர் தோட்டத்து பார்ப் ரூழ் என்ற ரகத்தைக் கையில் தேய்த்துக் கொடுத்தார். சிவப்புத் தாடி என்று அர்த்தம். ஸ்ட்ராபெரி வாசனை. பெரியவர் என் பிரெஞ்சைக் கேட்டு, எங்கே படித்தீர்கள் மெஸ்யே என்றார். லெ உப்ளோன் என்று நான் சரியாகச் சொன்னது அவருக்குத் திருப்தி. முட்டியில் வாங்கிய அடி வீண் போகவில்லை.

திரும்பி வரும்போது காரில் மாப்பிள்ளை, "ஒங்க அப்பா எதுல வேலை பாத்தார் மாமா?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. சொன்னேன். சாராயக்கடை, அம்மா, கைதட்டிச் செய்த சத்தியம் எல்லாம் சொன்னேன். வீடு வந்த பிறகும் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே இருந்தோம். மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் கிளம்புவதற்கு முன் நெல்சன் சோவினும் அந்த நல்ல சிட்ராவும் போட்டு ஒரு டிரம் காய்ச்சினார். கடைசி ஹாப்ஸ் போடும்போது காற்றுப் படக்கூடாது என்று கரியமில வாயுவை உள்ளே விட்டுக்கொண்டே போட்டார். காற்றுப் பட்டால் ஆரஞ்சு நிறம் அழுக்குப் பழுப்பாகிவிடுமாம். அதே ஹாப்ஸில் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டு எனக்கு ஒரு கஷாயம் கொடுத்தார். நிலவேம்பு தோற்றது. மணம் மட்டும் அருமை.

அக்டோபரில் பழைய நண்பர்களையே மறுபடி அழைத்தார்கள். கிளாஸ் எல்லாம் காலியாகித் திரும்பி வந்ததாக மகள் போனில் சொன்னாள்.

போன மாதம் மாப்பிள்ளை கூப்பிட்டார். மூக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டதாம். காப்பிதான் இன்னும் மக்கர் பண்ணுகிறதாம். "மாமா, ஒரு விஷயம். அந்த ரெண்டாவது சிட்ரா பாக்கெட்ட நீங்க வேணாம்னு தள்ளிட்டீங்கல்ல, அத நான் தூக்கிப் போடல. காத்து எடுத்துட்டு ஃப்ரீஸர்ல வெச்சிருந்தேன். நேத்துத் திறந்து பாத்தேன்."

"என்ன வருது?" என்றேன்.

"வெங்காயந்தான் மாமா."