எங்கள் வீட்டு அரிசிமாப் பெருநாள்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் எங்கள் ஊர் ஒழுங்கைகளில் எண்ணெய்ச் சட்டியின் வாசம் எழும்பிவிடும். ஒரு வீட்டில் முறுக்குப் பிழிவார்கள். அடுத்த வீட்டில் கேக் அடிப்பார்கள். பெருநாளன்று துணியால் மூடிய தட்டுகள் வீடு விட்டு வீடு போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பாத ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், நீட்டிய தட்டைப் பார்த்து "வேணாம் மாமி" என்று சொல்ல வேண்டியவள் நான். எனக்குச் சீலியாக் நோய்.

பெயர் பலருக்குப் புதிது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை இழுபட வைப்பது அதுதான். இந்த நோய் உள்ளவர்கள் அதை உண்டால், உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். விஞ்ஞானப் பாடத்தில் சடைமுளைகளைப் பற்றிப் படித்திருக்கிறோம் அல்லவா? உணவின் சத்தை உறிஞ்சும் அந்தச் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு தின்றாலும் சத்து உடம்பில் சேராது. இது தொற்றாது. குறிப்பிட்ட சில பரம்பரை அலகுகள் உள்ளவர்களுக்கே வரும். உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருப்பதாக மருத்துவர்கள் கணிக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது.

எனக்கும் நீண்ட காலம் தெரியவில்லை. வயிறு ஊதும், களைப்பாக இருக்கும். இரும்புச் சத்துக் குளிசை மாதக்கணக்கில் விழுங்கியும் குருதிச்சோகை மாறவில்லை. "பூச்சி மருந்து குடுங்க" என்றார் ஒருவர். "கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பாருங்க" என்றார் இன்னொருவர். வயிறு சரியில்லாத நாட்களில் உம்மா சோற்றை நிறுத்திவிட்டு, இலேசான சாப்பாடென்று பாணும் ரஸ்க்கும் தருவா. சூட்டுக்குப் பார்லித் தண்ணி அவித்துத் தருவா. அன்போடு தந்த அவையெல்லாம் எனக்கு ஆகாதவை என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் ஒரு வைத்தியர் தனியான ஓர் இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். அதன் பிறகு வாய்வழியாகக் கமெராக் குழாய் விட்டுச் சிறுகுடலில் இருந்து துளி இழையம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் முடியும்வரை பாணை நிறுத்த வேண்டாம் என்று அவர் சொன்னது உம்மாவுக்கு வியப்பாக இருந்தது. கோதுமையை முன்கூட்டியே நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாமாம். முடிவு வந்தபோது, "இதற்குக் குளிசை இல்லை, வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து" என்றார்.

கோதுமைதான் இந்த நோயின் காரணம் என்று கண்டு சொன்னவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர். 1944–45 குளிர்காலத்தில், உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம். பாண் கிடைப்பதே அரிதாயிற்று. ஊரே மெலிந்தபோது அவரிடம் வந்த சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நோயில் விழுந்தார்கள். அதற்கு முன்பிருந்தே அவருக்கு இருந்த சந்தேகம் அதனால் வலுப்பட்டது. 1950இல் தமது ஆய்வை வெளியிட்டார்.

நாமோ நெல் விளையும் அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறோம். கோதுமை நம் நாட்டுப் பயிரல்ல, கப்பலில் வருவது. பெருநாளைக்கு முன் நாம் அளந்து கொடுக்கும் பித்ராவும் அரிசிதான். ஊரின் பிரதான உணவு அதுவல்லவா? ஆகவே எனக்கு எல்லாம் சுலபம் என்றே முதலில் நினைத்தோம். சமையலறையைத் துருவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இடியப்பமும் பிட்டும் அவித்த கோதுமை மாவில். முறுக்கிலும் அந்த மா. ரவை என்பது கோதுமையே. சேமியாவும் அப்படியே. கடையில் வாங்கும் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருக்கும். பிரைட் ரைஸில் ஊற்றும் சோயா சோஸிலும் கோதுமை உண்டு. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் அரிசிமாப் பலகாரத்தைப் பொரித்தாலும் எனக்கு ஆகாது. குளூட்டன் அற்றது என்று பெயரிட, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ஒரு சொட்டுத் தூளும் கணக்கில் வருகிறது.

நோன்பு காலத்தில் பள்ளிக் கஞ்சி எனக்குப் பெரிய நிஃமத். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, இறைச்சி. ஆனாலும் வாப்பா முதல் நாளே கஞ்சி காய்ச்சுகிறவரிடம் போய், சுவைக்குப் போடும் கட்டி ஏதும் உண்டா, அதன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வருவார். அவரும் முகம் சுளிக்காமல் பெட்டியை எடுத்துக் காட்டுவார்.

சாப்பாட்டை விடச் சிரமமானது மனிதர்களின் அன்பு. "ஒரு துண்டு திண்டா என்ன செய்யப்போவுது புள்ள?" என்று வாயருகே கொண்டு வருவார்கள். மறுத்தால் முகம் வாடும். நோய் தெரிந்த முதல் பெருநாளில் உம்மம்மா வீட்டில் எல்லோரும் ஆறாறு பேராகச் சஹனைச் சுற்றி அமர்ந்தார்கள். புரியாணியில் கோதுமை இல்லை. ஆனால் சஹனில் ரோல்ஸும் சமோசாவும் அடுக்கியிருந்தன. எத்தனையோ கைகள் அதைத் தொட்டுச் சோற்றில் படும். எனக்குத் தனிப் பீங்கானில் வைத்துத் தந்தார்கள். சுவையாகத்தான் இருந்தது. ஆனாலும் ராத்தாமாரின் சிரிப்புச் சத்தம் அந்தச் சஹனைச் சுற்றியே இருந்தது. நான் சுவரோரம் இருந்தேன்.

உம்மம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறா. அடுத்த பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே அரிசியை ஊறப்போட்டு, வீட்டு உரலில் இடிப்பித்து வறுத்து வைத்தா. மில்லில் கொடுத்தால் வேறு மாவும் கலக்கும் என்று அவவே யோசித்தது. "எங்கட உம்மா காலத்துல பெருநாளைக்கு எல்லாம் அரிசி மாதான். கோதும மா பொறகு வந்ததுதானே" என்றா. "ரோல்ஸ் இல்லாமப் பெருநாளா?" என்று மாமா முணுமுணுத்தார். "வேணுமெண்டா சாப்பிட்டு எழும்பினாப் பொறகு வெளித் திண்ணையில வச்சித் தின்னுங்க" என்று முடித்துவிட்டா. அன்று நான் சஹனில் இருந்தேன். என் முழங்கையை இரண்டு பக்கமும் ராத்தாமாரின் முழங்கைகள் இடித்தன.

சகோதரிகளே, பெற்றோர்களே, என்னைப் போன்றவர்களுக்கு அனுதாபம் தேவையில்லை. "இதுல என்ன போட்டிருக்கு எண்டு சொல்லவா?" என்ற ஒரு கேள்வி போதும். இரும்புச் சத்து எடுத்தும் ஏறாத குருதிச்சோகை உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் வைத்தியரிடம் இந்த நோயைப் பற்றியும் கேளுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோருக்கு ஏனையோரை விட இது வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோரும் இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். பெருநாளைக்கு எனக்குத் தட்டு அனுப்ப விரும்பினால் பேரீச்சம்பழம் அனுப்புங்கள், பழம் அனுப்புங்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் மட்டும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் என்றால், கொஞ்சம் பெரிய துண்டாகவே வெட்டி வையுங்கள்.