கடலடியில் ஒரு பெருக்கற் கணக்கு

ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகும் ஒரு கணித ஆசிரியனுக்குக் கடலின் அடியில் என்ன வேலை என்று வாசக நேயர்கள் வினவக்கூடும். என் தாயாரும் அதையேதான் கேட்டார். மலைநாட்டில் பிறந்தவன் மலையிலே இருக்க வேண்டும் என்பது அவரது அபிப்பிராயம்.

நாங்கள் குண்டசாலைவாசிகள். நரேந்திரசிங்க மன்னன் மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர் என்று சரித்திரம் படித்தவர்கள் இதனைச் சொல்வார்கள். எனக்கோ அது மகாவலி வளைந்து செல்லும் ஊர், அவ்வளவுதான். சிறு வயதில் அந்த ஆற்றிலேதான் நான் நீந்தக் கற்றேன். எங்கள் ஊரைக் கடந்து போகும் அந்த நீர், விக்ரோறியா நீர்த்தேக்கத்தில் சற்றுத் தங்கி, பின்னர் வடகிழக்காக நெடுந்தூரம் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் பின்னாலேயே நானும் போனேன் என்று தாயாரிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையில் என்னை இழுத்துச் சென்றவள் என் மகள். பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில் சுழியோடக் கற்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவளைத் தனியே அனுப்ப மனம் ஒப்பாமல் நானும் கூடவே சேர்ந்தேன். காவலுக்குச் சென்றேன் என்றே அன்று நினைத்திருந்தேன்.

முதற் பயிற்சி முடிந்து, 18 மீற்றர் வரை இறங்கலாம் என்ற அத்தாட்சிப் பத்திரம் இருவருக்கும் கிடைத்தது. மறுநாளே அந்தச் சம்பவம் நடந்தது.

நிலாவெளிக்கு அப்பால், ஏறத்தாழ 15 மீற்றர் ஆழத்தில், பவளப் பாறை ஒன்றின் ஓரமாக நீந்திக்கொண்டிருந்தோம். மஞ்சள் மீன்களின் கூட்டம் ஒன்று என்னை முற்றாக மயக்கிவிட்டது. வளி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் மானியை நான் பார்க்கவேயில்லை. பார்த்தபோது முள் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தது. அக்கணமே என் அறிவு என்னை விட்டுப் போயிற்று. மகள் அருகில் இருப்பதையும் மறந்து, தலைக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தை நோக்கி உதைத்துக்கொண்டு எழும்பினேன். மூச்சை அடக்கியபடி அப்படி மேலே பாய்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை. 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரலில் அடைத்த வளி நீர்மட்டத்தை அடையும்போது இரு மடங்காக விரியும். நுரையீரலோ அப்படி விரியாது. இதை வகுப்பில் படித்துப் பரீட்சையில் சரியாக விடை எழுதியவன்தான் நான்.

யாரோ என் கணுக்காலைப் பற்றினார்கள். மகள்! அவள் தன் மேலதிக வாய்க்குழாயை என் வாயில் வைத்து, தோளைப் பிடித்துக் கண்ணோடு கண் நோக்கி, மெதுவாக மூச்சு விடும்படி கையசைத்தாள். ஒரே சிலிண்டரின் வளியை இருவரும் பகிர்ந்துகொண்டு ஆறுதலாக மேலே வந்தோம். படகில் அவள் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவின்போதுதான் சொன்னாள்:

"அப்பா, இனி நான் உங்களோடு இறங்குவதென்றால் நீங்கள் அடுத்த பயிற்சியையும் படிக்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்."

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மன்னார்ச் சலாபங்களில் முத்துக் குளித்த காலத்தில், கடலில் இறங்குகிறவன் தன் கயிற்றைத் தோணியிலிருக்கும் மைத்துனனிடமே கொடுப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. தன் சகோதரியை விதவையாக்க அவன் துணிய மாட்டானாம். என் மகள் தன் கயிற்றை எவனிடம் கொடுத்திருந்தாள் என்று எண்ணியபோது வெட்கமாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ற் விடுமுறையில் மீண்டும் நிலாவெளிக்குச் சென்றோம். கீழ்க்கரையில் மே முதல் செப்டெம்பர் வரையே கடல் தெளிந்து அமைதியாயிருக்கும். உயர்நிலைப் பயிற்சி என்பது ஐந்து முறை கடலில் இறங்குவது. ஆழத்தில் இறங்குவதும், திசைகாட்டி கொண்டு வழி காண்பதும் கட்டாயம். மற்ற மூன்றை நாமே தெரிந்துகொள்ளலாம். நான் முதலில் கேட்டது மிதவைக் கட்டுப்பாட்டை. பயிற்றுநர் ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை; என் பழைய மாணாக்கர் பலரைவிட இளையவர். நான் ஆசிரியன் என்று அறிந்ததும் 'சேர்' என்றே அழைத்தார். ஆனால் திருத்துவதில் ஒரு தாட்சணியமும் காட்டவில்லை.

"சேர், நீங்கள் கடலோடு சண்டை பிடிக்கிறீர்கள். அதனால்தான் வளி முடிகிறது" என்றார்.

என் இடுப்பில் 8 கிலோ ஈயம் கட்டியிருந்தேன். பயத்துக்கு நிறை கூடுதலாகத் தேவைப்படுமோ என்னவோ! அந்த நிறையைச் சமன்செய்ய மிதவைச் சட்டைக்குள் வளியை ஊதுவேன், அதிகம் மேலே போனால் விடுவேன், கைகளால் துழாவுவேன். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி 5 கிலோவில் நிறுத்தினார். பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். மூச்சை உள்ளே இழுத்தால் உடல் ஒரு சாண் உயர்கிறது, விட்டால் ஒரு சாண் தாழ்கிறது. மணலிலிருந்து ஒரு முழம் மேலே, ஒன்றும் செய்யாமல், பத்து நிமிடம் நின்றேன். வாழ்க்கையில் ஒன்றும் செய்யாதிருக்க நான் பட்ட பாடு அதுவே அதிகம். அன்று முதன்முறையாக மகளைவிட 10 நிமிடம் பின்தங்காமல், அவளோடு சேர்ந்தே படகுக்கு வந்தேன்.

திசைகாட்டிப் பயிற்சி பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. காலுதைப்பை எண்ணிக்கொண்டு ஒரு சதுரம் நீந்திப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். கேத்திரகணிதம் கற்பிப்பவனாகையால் பெருமையோடு இறங்கினேன். நீரோட்டம் என் சதுரத்தைச் சாய்சதுரமாக்கிவிட்டது. மகள் சிரித்த சிரிப்பில் அவளது முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தது.

நான்காம் நாள் ஆழத்துக்கு இறங்கும் நாள். முதல் நாள் இரவே கணக்குப் போட்டேன். சிலிண்டரின் கொள்ளளவு 11 லீற்றர். 'பார்' என்னும் அமுக்க அளவில் 200 வரை அடைத்தால் சுமார் 2,200 லீற்றர் வளி. தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் ஒருவனுக்கு, அமுக்கம் நான்கு மடங்காகும் 30 மீற்றரில் 80 லீற்றர் வேண்டும். சேமிப்பென்று ஒன்றும் வைக்காமலே 27 நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அத்துடன் அந்த ஆழத்தில் 20 நிமிடத்துக்கு மேல் தங்கினால் இரத்தத்தில் கரையும் நைதரசன், நேரே மேலே வர விடாது. இவ்வளவையும் பார்த்தபின், பலகையில் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதிக் கையில் கட்டிக்கொண்டேன்: '120 – மேலே'. அதாவது மானி 120 காட்டியதும் திரும்ப வேண்டும்.

படகில் பயிற்றுநர் இன்னொரு பலகையை நீட்டினார். ஐந்து சிறு கணக்குகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியவை. 18 வினாடியில் முடித்துக் கொடுத்தேன். "கீழேயும் இப்படித்தான் ஐந்து தருவேன்" என்றார். எனக்குச் சற்று அவமானமாகவே இருந்தது. முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையோடு வாழ்பவனுக்கு இதுவா பரீட்சை?

நங்கூரக் கயிற்றைப் பற்றியபடி இறங்கினோம். முதலில் போவது சிவப்பு நிறம். மகளின் தலையிலிருந்த சிவப்பு நாடா பழுப்பாகி, பிறகு சாம்பலாயிற்று. 29 மீற்றரில் மணல் தட்டியது. எங்கும் நீலம், நிசப்தம். ஒரு பெரிய கலவாய் மீன் பாறையிடுக்கிலிருந்து எங்களைச் சோம்பலாகப் பார்த்தது. எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது. பயமென்பதே இல்லை. கணக்குகளை மளமளவென்று போட்டேன். இவ்வளவு தெளிவாக நான் என்றுமே சிந்தித்ததில்லை என்றுகூடத் தோன்றிற்று.

மானியைப் பார்த்தேன்: 120. கையிலிருந்த பலகையையும் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தால் என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் கலவாயை மகளுக்குக் காட்ட வேண்டும். வளிதான் வேண்டிய அளவு இருக்கிறதே. அந்த வரியை எழுதியபோது இங்கே எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதே! குரல் மிகவும் நியாயமாகவே பேசிற்று. அதனோடு வாதாட என்னிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. பலகை மட்டுமே இருந்தது. பெருவிரலை உயர்த்தினேன். பயிற்றுநர் இன்னும் சைகை காட்டியிருக்கவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் பெருவிரலை உயர்த்தினாள்.

ஆறுதலாக ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று, படகை அடைந்தோம். பயிற்றுநர் என் கணக்குப் பலகையைக் காட்டினார். கீழே எனக்கு 47 வினாடி சென்றிருந்தது. மூன்றாவது வரியில் என் கையெழுத்திலேயே இருந்தது: 7 × 8 = 54.

அதைத்தான் நைதரசன் மயக்கம் என்பார்கள். மது அருந்தியவனுடைய நிலை போன்றது; அருந்தினோம் என்ற ஞாபகம் மட்டும் இராது. சில மீற்றர் மேலே வந்ததும் அடையாளமின்றிப் போய்விடும். ஆளுக்காள், நாளுக்கு நாள் அது மாறும் என்றும், அன்று மகளின் ஐந்து விடைகளும் சரியாக இருந்தது அவளது கெட்டித்தனத்தால் மட்டுமல்ல என்றும் பயிற்றுநர் சொன்னார். அவளுக்கு அந்தப் பின்பகுதி பிடிக்கவில்லை.

கடைசி முறை இறங்கியது கோணேசர் கோயிலின் கீழே, சுவாமி மலை அடிவாரத்தில். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த பழைய ஆலயத்தின் தூண்களையும் கற்களையும், ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் கண்ட இடம் அது. கிளார்க் அதை நூலாகவும் எழுதினார். பாசி படர்ந்த கற்றூண் ஒன்றின் முன் நாங்கள் இருவரும் கை கட்டி அசையாது மிதந்தோம். அப்போது என் மானியில் அவளுடையதைவிட 10 பார் அதிகம் இருந்தது. இதை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலையே வீடு திரும்ப நினைத்தேன், பயிற்றுநர் தடுத்துவிட்டார். சுழியோடியின் கணக்கில் 300 மீற்றருக்கு மேற்பட்ட இடமெல்லாம் மலைதான். கண்டியோ ஏறத்தாழ 500 மீற்றர். உடலில் மிஞ்சிய நைதரசன் வெளியேறுமுன் உயரத்துக்குப் போனால், போத்தலைத் திறந்த சோடாவைப்போல இரத்தத்தில் குமிழிகள் எழலாம்; மூட்டு வலியிலிருந்து பாரிசவாதம் வரை எதுவும் நேரலாம். அதற்குச் சிகிச்சை செய்யும் அமுக்க அறை இருப்பது திருகோணமலைக் கடற்படையினரிடம். நடுவழியில் மாத்தளையில் நோய் தொடங்கினால் திரும்பி இறங்கத்தான் வேண்டும். ஆகவே மறுநாள் பிற்பகல் வரை கடற்கரையில் சும்மா இருந்தோம். சும்மா இருப்பதில் எனக்கு அப்போது நல்ல பயிற்சி.

மாத்தளை வழியாகக் குண்டசாலைக்கு வந்து சேர இரவாகிவிட்டது. உணவு பரிமாறிய மனைவியிடம் 7 × 8 கதையைச் சொல்லிச் சிரித்தேன். பிறகு, மனம் கேளாமல், சென்ற ஆண்டு நடந்ததையும் சொன்னேன். சிவப்புக் கோடு, கணுக்கால், எல்லாவற்றையும்.

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அது எனக்குத் தெரியும். வந்த அன்றைக்கே பிள்ளை சொல்லிவிட்டாளே. நீங்களாகச் சொல்லும் வரை கேட்க வேண்டாம் என்றாள்" என்றாள்.

மகள் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.