தம்பிக்கு நான் போடாத கையெழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பப் போகிறார்கள் என்றால் இன்றே படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன். இப்போது வயது முப்பத்திரண்டு. மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட்டுகளிலும் புது வீடுகளிலும் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. இரண்டு பிள்ளைகள். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், ஒரு விஷயம் கேக்கணும். வீட்ல இன்னும் சொல்லல."

இஸ்ரேலில் டைல்ஸ் வேலையாம். தெரிந்தவர் மூலமாக ஒரு ஏஜென்ட் பேசியிருக்கிறார். மாதம் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம். இரண்டு லட்சம் கட்ட வேண்டும், பாதி முன்பணம். சண்டை நடக்கிற இடத்துக்கும் வேலை செய்கிற இடத்துக்கும் ரொம்ப தூரம் என்று சொன்னாராம்.

"போகலாமா, வேணாமா? நீங்க சொன்னா சரி டீச்சர்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன்பு அவனும் இப்படித்தான் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2004 ஜூன். அப்போது நான் திருக்கழுக்குன்றம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. தம்பி ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் கை பக்குவம் உண்டு. மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து போகிற ஓட்டல்களில் பத்து வருடம் சமையல் செய்துவிட்டு, கடன் வாங்கிச் சொந்தமாகச் சின்னதாய் ஒரு கடை போட்டிருந்தான். கடன் கழுத்தை நெரித்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு ஏஜென்ட் வந்தார். ஈராக்கில் அமெரிக்க ராணுவ முகாமில் சமையல் வேலை. ஆளை எடுப்பது குவைத் கம்பெனி. துப்பாக்கி தூக்குகிற வேலை இல்லை, சோறு ஆக்குகிற வேலை. மாதம் 600 டாலர். ஏஜென்டுக்கு 75,000 ரூபாய். அதற்கு நான் எங்கள் ஆசிரியர் சொசைட்டியில் லோன் போட்டுத் தர வேண்டும்.

"நீ செத்துப்போறதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்டா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் பேச்சு. அவன் ஏதோ சொல்ல வந்தான், நான் கேட்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 21-ஆம் தேதி ஈராக்கில் ஏழு லாரி ஓட்டுநர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். அதில் மூன்று பேர் இந்தியர்கள். குவைத் கம்பெனிக்கு லாரி ஓட்டியவர்கள். செப்டம்பர் 1-ஆம் தேதிதான் விடுதலை ஆனார்கள். அதற்கு முந்தின நாள் நேபாளத்துத் தொழிலாளர்கள் 12 பேரைக் கொன்றுவிட்ட செய்தி வந்தது. அவர்களை ஜோர்டானில் வேலை என்று சொல்லி அழைத்துப் போய் ஈராக்குக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தியர்கள் ஈராக்குக்கு வேலைக்குப் போக நம் அரசு தடை போட்டது. நான் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்த் தம்பி கடை மேசை மேல் வைத்தேன். "பாத்தியா?" என்று கேட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன், மறைக்கவில்லை.

டிசம்பர் 26. அன்றைக்கு என்ன நடந்தது என்று நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று வரிசையாகக் கடல் உள்ளே வந்தது. தம்பி குடும்பம் ஓடித் தப்பித்தது. கடை போய்விட்டது. அடுப்பு, பாத்திரம், பிரிட்ஜ், மேசை நாற்காலி எல்லாம் போய்விட்டது. கடன் மட்டும் இருந்தது. போகாதே என்று நான் நிறுத்தி வைத்த ஊரிலேயே அவனுக்கு இது நடந்தது.

2005 ஏப்ரலில் வந்தான். "குவைத்ல ஓட்டல் வேலைக்கா. விசா வந்துடுச்சு" என்றான். தம்பி மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டியிருந்தார்கள். குவைத் என்றதும் எனக்கு நிம்மதி. மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். ஒரு தாளைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

குவைத்தில் முகாமில் இருந்தது பத்து நாள். அப்புறம் ஈராக்.

வெள்ளிக்கிழமை தோறும் போன் பண்ணுவான். ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். "என்னடா அது?" என்றேன். "ஃபயர் டிரில்க்கா, வச்சிடுறேன்" என்றான். நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் நாங்களும்தான் நடத்துவோமே.

2006 ஜூனில் திடீரென்று திரும்பி வந்தான். இடது காதில் பஞ்சு. அப்புறம்தான் எல்லாம் சொன்னான். தினம் 12 மணி நேரம், வாரம் ஏழு நாளும் வேலை. கையில் வந்தது 600 இல்லை, 400 டாலர். பாஸ்போர்ட் கம்பெனி கையில். சைரன் அடித்தால் கான்கிரீட் பதுங்கு இடத்துக்கு ஓட வேண்டும். ஒரு நாள் விடியற்காலை சமையல் கன்டெய்னர் பக்கத்தில் மோர்ட்டார் குண்டு விழுந்தது. காது ஜவ்வு கிழிந்துவிட்டது. கம்பெனி ஒரு மாதச் சம்பளமும் டிக்கெட்டும் கொடுத்து, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டது. நகல் கொடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினான்கு மாதத்தில் அவன் கடனை அடைத்தான், நகையை மீட்டான், வீட்டுக்கு ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டான். இங்கேயே இருந்திருந்தால் முடிந்திருக்குமா? எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து என் பையன் இணையத்தில் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தான். அமெரிக்காவில் 1941-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று பெயர். வெளிநாடுகளில் இருக்கும் அவர்களுடைய ராணுவ முகாம்களில் ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவர்களுக்கு, துணை ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து, காயத்துக்கும் உயிரிழப்புக்கும் காப்பீடு இருக்க வேண்டும். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பொருந்தும். ஆனால் பொதுவாக ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். நாங்கள் தெரிந்துகொண்டபோது ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இங்கிலீஷ் தாளை என்னால் வாசித்திருக்க முடியும். நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் எடுத்தவள் நான். கிளம்புமுன் ஒப்பந்தத்தைக் காட்டியிருந்தால், "காயம் பட்டால் யார் பொறுப்பு என்று இதில் எங்கேடா இருக்கு?" என்று கேட்டிருப்பேன். அடிபட்ட அன்றைக்கு எனக்குப் போன் பண்ணியிருந்தால், "நகல் வாங்காமல் கையெழுத்துப் போடாதே" என்று சொல்லியிருப்பேன். அவன் ஏன் பண்ணவில்லை? முதல் முறை கேட்டபோதே நான் கதவைச் சாத்திவிட்டேன். "வேண்டாம்" என்ற சொல்லால் அவன் போவதை நிறுத்த முடியவில்லை. என்னிடம் சொல்லாமல் போக வைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே போன ஞாயிறு என் மாணவனிடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்து, தெரிந்ததை முதலில் சொன்னேன்.

இஸ்ரேல் வேலை என்பது பொய் இல்லை. 2023 மே மாதம் இரண்டு நாடுகளும் 42,000 இந்தியத் தொழிலாளர்களை அனுப்ப ஒப்புக்கொண்டன. அதில் 34,000 பேர் கட்டுமானத்துக்கு. 2024 ஜனவரியில் ஹரியானாவில் ரோத்தக்கிலும் உத்தரப் பிரதேசத்தில் லக்னோவிலும் தொழில் தேர்வு வைத்து ஆள் எடுத்தார்கள். ஏஜென்ட் சொன்ன சம்பளம் அந்த விளம்பரங்களில் வந்த அதே சம்பளம்தான்.

ஆபத்தும் பொய் இல்லை. 2024 மார்ச் 4-ஆம் தேதி லெபனான் எல்லையை ஒட்டிய மார்கலியோட் என்ற ஊரில் ஏவுகணை விழுந்து ஒரு கேரளத்துத் தொழிலாளி இறந்தார். தோட்டத்தில் வேலை செய்தவர். மறுநாள் நம் தூதரகம், எல்லைப் பகுதியில் இருக்கும் இந்தியர்கள் பாதுகாப்பான இடத்துக்கு நகர வேண்டும் என்று அறிவுறுத்தியது.

இன்னொன்றும் சொன்னேன். அக்டோபர் 7 தாக்குதலுக்கு அப்புறம் பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதியை நிறுத்தியதால்தான் அங்கே இவ்வளவு ஆள் தேவைப்படுகிறது. நீ டைல்ஸ் ஒட்டப்போகிற சுவரில் நேற்றுவரை வேறொரு குடும்பத்தின் சோறு இருந்தது. அதனால் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்துகொண்டு முடிவு பண்ணு என்றேன்.

பிறகு கேள்விகளை வரிசையாக எழுதினேன்.

1. வேலை கொடுக்கிற கம்பெனியின் பெயர் என்ன? ஒப்பந்தத்திலும் விசாவிலும் அதே பெயர்தானா?

2. வேலை விசாவா, சுற்றுலா விசாவா? ரஷ்யாவில் "உதவியாளர்" வேலை என்று நம்பிப்போன பையன்கள் போர்முனையில் நின்றார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ சோதனை நடத்திய ஊர்களில் சென்னையும் மதுரையும் உண்டு.

3. எந்த ஊரில் வேலை? எல்லையிலிருந்து எவ்வளவு தூரம்? வேறு ஊருக்கு மாற்றினால் மறுக்க முடியுமா?

4. காயம் பட்டாலோ உயிர் போனாலோ யார் பணம் தருவார்கள்? பாலிசி எண் என்ன? ஈராக், குவைத் போன்ற 18 நாடுகளுக்குப் பத்தாவது தேறாதவர்கள் போவதென்றால் குடிபெயர்வு அனுமதியும் பத்து லட்ச ரூபாய் காப்பீடும் கட்டாயம். அந்தப் பட்டியலில் இஸ்ரேல் இல்லை. ஆகவே நாமே கேட்டு வாங்க வேண்டும்.

5. ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா? இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது தருவாரா?

6. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? பாதியில் திரும்பி வர வேண்டுமென்றால் டிக்கெட் யார் போடுவார்கள்?

7. உன் மனைவிக்குத் தெரியுமா?

ஏழாவது கேள்வியில்தான் அவன் தலையைக் குனிந்தான்.

அரசு காப்பாற்றாதா என்று கேட்டான். 2014-ல் ஈராக்கில் திக்ரித் நகரில் மாட்டிக்கொண்ட 46 செவிலியர்கள் ஜூலையில் பத்திரமாக வந்து இறங்கினார்கள். அதே ஜூன் மாதம் மொசூலில் பிடிபட்ட இந்தியத் தொழிலாளர்கள் 39 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2018 மார்ச்சில்தான் உறுதியாகச் சொன்னார்கள். நான்கு வருடம் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. அரசு முயற்சி செய்யும், ஆனால் அதையே நம்பிக் கிளம்பக் கூடாது என்றேன்.

வியாழக்கிழமை போன் பண்ணினான். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்பீக்கரில் போட்டு ஏஜென்டிடம் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். கம்பெனி பெயர் அங்கே போனதும் தெரியுமாம். முதலில் விசிட் விசா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாமாம். ரசீது என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ சந்தேகம்னா விட்டுடு தம்பி, ஆள் வரிசையில நிக்குது" என்றாராம்.

பணம் கட்டவில்லை.

"ஆனா டீச்சர், சரியான வழியில வந்தா நான் போவேன்" என்றான். போ என்றேன். போகும்போது எல்லாத் தாளின் நகலும் உன் மனைவி கையில் ஒரு செட், என் கையில் ஒரு செட் இருக்க வேண்டும் என்றேன்.

ராத்திரி தம்பியிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு இப்போதும் வலது காதுப் பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும். முழுதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அன்னிக்கு நீ இதையெல்லாம் கேட்டிருந்தாலும் நான் போயிருப்பேன்க்கா" என்றான். "ஆனா உன்கிட்ட சொல்லிட்டுப் போயிருப்பேன்."

நண்பர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்தால், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். உட்கார வையுங்கள். தாளைக் கேளுங்கள். மேலே உள்ள ஏழு கேள்விகளையும் தாராளமாக எடுத்துப் பகிருங்கள், என் பெயர் போட வேண்டாம்.