செடிக்குள் இருக்கிறது விரால்

வெட்டவெளித் தண்ணீரில் தக்கையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, செடி மண்டிக் கிடக்கும் ஏரியில் தூண்டில் போடுவதுதான் எனக்குப் பிடித்தது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் கரையோரம் கோரை எழும்பும். அதை அடுத்து அல்லி இலைகள் படரும். அதற்கும் அப்பால், நீருக்கடியில் வேலம்பாசி திரண்டு கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் முள்ளை எங்கே இறக்குவது என்று மலைத்துப்போய் மதகுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். விரால் இருப்பதோ செடிக்குள்தான்.

அது ஓடித் துரத்தி இரை பிடிக்கிற மீன் அல்ல. ஒளிந்திருந்து பாய்கிற மீன். தவளையும் சிறு கெண்டையும் பூச்சியும் செடியை நாடி வருகின்றன. விரால் அவற்றை நாடி வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றறை இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கியாக வேண்டும். வரவிடாமல் தடுத்தால் நல்ல தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் அடர்ந்த செடிக்கு நடுவே முறம் அகலத்துக்கு ஒரு திறப்பு இருந்தால், அதன் பக்கத்தில் விரால் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கரையோரம் மாடு மேய்க்கிற ஒரு பெரியவர். "தம்பி, காத்து இல்ல. ஆனா அந்த அல்லி எல ஆடுது பாரு" என்றார். பார்த்தேன். இலை ஒருமுறை நடுங்கி நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் திறப்பில் "பொளக்" என்று ஒரு சத்தம், இரண்டு குமிழி. மூச்சு எடுத்துவிட்டுப் போயிருந்தது விரால்.

இந்த இடத்தில் வீசிப் போட்டால் முள் கோரையில்தான் மாட்டும். நீளமான மூங்கில் கழியில் நரம்பைக் குட்டையாகக் கட்டி, திறப்புக்கு நேர் மேலே நீட்டி, இரையைச் செங்குத்தாக இறக்க வேண்டும். கடித்ததும் பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, நேராக மேலே தூக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் தண்டுகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். இப்போது இளைஞர்கள் ராடும் ரீலுமாக ரப்பர் தவளையைக் கொண்டுவருகிறார்கள். அது நன்றாக யோசித்துச் செய்த சாமான். இரண்டு முள்ளும் தவளையின் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருப்பதால் இலை மேல் இழுத்து வந்தாலும் சிக்காது. விரால் கவ்வி நசுக்கும்போதுதான் மெத்தென்ற உடல் அமுங்கி, முள் வெளியே வரும். அதனால் தண்ணீர் வெடித்ததும் சுண்டிவிடாமல், மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுச் சுண்ட வேண்டும். அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் நெஞ்சு அடித்துக்கொள்வதற்காகவே நான் ஏரிக்குப் போகிறேன்.

ஆனால் எல்லாச் செடியும் ஒன்றல்ல. தென்னமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவிய ஆகாயத்தாமரை வேறு ரகம். காம்பில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மிதக்கும். சாக்கடை கலந்த தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அது ஏரியை மூடிவிட்டால் வெயில் உள்ளே இறங்காது. வேலம்பாசி செத்து அழுகும். அழுகல் தண்ணீரில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் தின்றுவிடும். கோரைக்கும் அல்லிக்கும் நடுவே திறப்பு இருக்கும். இதற்கு நடுவே அதுகூட அரிதுதான்.

இப்படி மூடிப்போன ஏரியில் மாட்டுகிற மீனைப் பார்த்தாலே தண்ணீரின் நிலை தெரிந்துவிடும். கெண்டையும் கெளுத்தியும் குறைந்துகொண்டே வரும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவை வெளிக்காற்றை மூச்சாக எடுக்கத் தெரிந்தவை: விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை. பனையேறிக் கெண்டை சாமானியமான மீன் அல்ல. தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியது 1797இல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. மரம் ஏறுமா என்று இன்றுவரை கேட்கிறார்கள். ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. அப்பேர்ப்பட்ட மீன் மட்டும் மிஞ்சுகிற ஏரியில் நிறைய மீன் இருக்கிறது என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

அதற்காக இயந்திரத்தை இறக்கிக் கரையிலிருந்து நடு ஏரிவரை மொத்தமாக வழித்துப் போடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 'சுத்தம் செய்துவிட்டோம்' என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோரையும் அல்லியும் கூடவே போய்விடுகின்றன. மீன் குஞ்சு ஒதுங்க இடமில்லை, கரை அலையில் அரிக்கிறது. சாக்கடையோ அப்படியே வந்து விழுகிறது. சேற்றில் புதைந்த ஆகாயத்தாமரை விதை பல ஆண்டு உயிரோடு கிடக்கும். அதனால் அது திரும்பி வந்துவிடுகிறது. போன கோரை அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை. ஆகாயத்தாமரையை வேரோடு வாரி எடுங்கள், சாக்கடையை மறியுங்கள், கரையோரச் செடியை விட்டுவைத்துவிடுங்கள்.

தூண்டில் நண்பர்களிடம் கேட்டுக்கொள்ள இன்னொன்று இருக்கிறது. மழைக்காலத்தில் விரால் முழங்கால் ஆழத்தில் செடிகளை விலக்கி, வட்டமாக ஓர் இடம் ஒதுக்கி முட்டையிடும். பொன்னிற முட்டைகள் மேலே மிதக்கும். பொரிந்த குஞ்சுகள் செக்கச்செவேல் என்று ஒரே திரளாக மேலுக்கு வந்து வந்து போகும். அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் பாயும். பசியில் அல்ல, குஞ்சைக் காக்க. அங்கே தூண்டில் போட்டால் பெரிய விரால் கட்டாயம் கிடைக்கும், அது தெரிந்தே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். காவல் போனதும் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். சிவப்புத் திரள் கண்ணில் பட்டால் தயவுசெய்து நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு திறப்புக்குப் போங்கள்.