சும்மா இருக்கும் பேட்டரிக்கும் தாகம் எடுக்கும்

2012-ம் ஆண்டு மின்வெட்டை தென்மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். பகலில் பாதி நேரம் கரன்ட் இருக்காது. ராத்திரியிலும் விசிறி மட்டைதான் துணை. அப்போதுதான் பல வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் நுழைந்தது. பிறகு மின்வெட்டு குறைந்தது. மூலையில் இருந்த பேட்டரியை எல்லோரும் மறந்துபோனார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டிலும் அதே கதைதான். மகன் சென்னையில். வீட்டில் அவரும், ஆஸ்துமா உள்ள கணவரும் மட்டும். ஓர் ஐப்பசி ராத்திரி, மலைப்பக்கம் இடி இடித்ததும் கரன்ட் போனது. கணவருக்கு மூச்சு இளைத்தது. நெபுலைசரைப் போட்ட சில நிமிடங்களிலேயே இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதால் ஆபத்தில்லாமல் போனது.

மறுநாள் மெக்கானிக் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே ஈயத் தகடுகள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன.

"பச்சை லைட் தினமும் எரிஞ்சுதே தம்பி?"

"அது கரன்ட் வருதுன்னுதாம்மா சொல்லும். தண்ணி இருக்குன்னு சொல்லாது."

பயன்படுத்தாமல் சார்ஜிலேயே வைத்திருந்தால் பேட்டரி பத்திரமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 12 வோல்ட் பேட்டரி நிறைந்த பிறகும், அது இறங்காமல் இருக்க இன்வெர்ட்டர் சுமார் 13.5 வோல்ட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த மின்சாரம் உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும். வேலையே இல்லாமல் கிடந்தால், கனமான ஆசிட் அடியில் தங்கிவிடும்.

உல்லாசப் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. படகைத் துறையில் கட்டி, கரையிலிருந்து வயர் இழுத்து, மாதக்கணக்கில் பேட்டரியை சார்ஜில் விட்டுவிடுவார்கள். கடலுக்குப் போகும் நாளில்தான் அது கைவிரிக்கும். வீட்டு இன்வெர்ட்டரும் கரையில் கட்டிய படகு மாதிரிதான்.

தகடுகள் காய்ந்துபோன பழைய பேட்டரி தேறவில்லை. புதிதாக 150 ஆம்பியர்-அவர் பேட்டரி வைத்த பிறகு, ஆசிரியை சில பழக்கங்களை வைத்துக்கொண்டார். 2 மாதத்துக்கு ஒருமுறை 6 மூடிகளிலும் உள்ள மிதவையைப் பார்க்கிறார். சிவப்புக் கோட்டை நெருங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுகிறார். அதுவும் சார்ஜ் நிறைந்த பிறகு, பச்சைக் கோடு வரைக்கும்தான். குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். தண்ணீர்தான் குறைகிறது, அதனால் ஆசிட் ஊற்றவே கூடாது.

முதலில் பேட்டரி இருந்த இடம் பூஜை அலமாரிக்குக் கீழே. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு. விளக்கும் ஊதுபத்தியும் எரியும் இடத்தில் அது இருக்கலாமா? ஜன்னலோரக் காற்றுக்கு இடம் மாற்றினார்கள். மூடியைத் திறக்கும்போது ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறார். வளையலைக் கழற்றி வைக்கிறார். இரண்டு முனைகளையும் ஒரே உலோகம் தொட்டால் கை வெந்துவிடும். முனையில் வெள்ளையாகப் பூத்தால் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறார்.

சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது, மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை அப்படியே விட்டுப்போவதில்லை. அப்படி விட்டால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். தண்ணீரைச் சரிபார்த்து சார்ஜிலேயே விடலாம். நாள்கணக்கு நீளும் என்றால், முழுசாக ஏற்றிய பிறகு இணைப்பைக் கழற்றி வைக்கச் சொல்லலாம்.

பேட்டரிக்கு வேலை கொடுக்க மின்வாரியமே ஒரு நாள் தருகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று அறிவிப்பு வருமே, அந்த நாள்தான் அவருக்குப் பரீட்சை நாள். மின்தடை இல்லாத மாதத்தில் இன்வெர்ட்டரின் பிளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் ஃபேனும் லைட்டும் ஓடவிடுகிறார். எத்தனை மணி நேரம் தாங்கியது என்று தினசரி காலண்டரில் எழுதுகிறார். பேட்டரி புதிதாக இருந்தபோது ஒரு ஃபேனும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் அந்த 8 மணி நேரமும் ஓடின. அது 4 மணி நேரமாகக் குறைந்தால், ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிவிட வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.